கயிற்றைத் தொடாத மைத்துனன்

யானை வந்தால் மனிதன் ஒதுங்கி வழிவிட்ட காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு மலை இருந்தது. மலையில் ஒரு பாறை இருந்தது. பாறையில் தேன் இருந்தது. தேன் இருந்த இடத்தில் மனிதர்களும் இருந்தார்கள். மனிதர்கள் இருந்த இடத்தில் தொல்லை இல்லாமல் இருக்குமா? அந்தத் தொல்லையைத்தான் சொல்லப் போகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

அந்த மலையில் கொம்பன் என்றொருவன் தேனெடுத்துப் பிழைத்தான். பாறையின் உச்சியிலிருந்து கொடிக்கயிற்றில் இறங்குவான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டே பச்சிலைப் புகை காட்டுவான், அடையை அறுப்பான், கூடையில் போட்டு மேலே அனுப்புவான். கீழே பார்த்தால் மரங்கள் கீரைப்பாத்தி போலத் தெரியும். அதனால் அவன் கீழே பார்ப்பதே இல்லை.

கயிற்றை யார் பிடிப்பது? அதற்கு அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால், பங்குக்கு ஆசைப்பட்டுக் கையைத் தளர்த்தினாலும் தளர்த்துவான். நண்பன் பிடித்தால், பராக்குப் பார்த்துக்கொண்டு மறந்தாலும் மறப்பான். மைத்துனன் அப்படிச் செய்யமாட்டான். தன் அக்காளின் தாலி அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். மைத்துனன் இல்லாதவன் தேனை மறந்துவிட்டுக் கிழங்கு தோண்டப் போகவேண்டியதுதான்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. கூடையில் மேலே வந்த தேனைக் கயிறு பிடிப்பவன் தொடக்கூடாது. இறங்கியவன் மேலே ஏறிவந்து பாறையில் கால் ஊன்றிய பிறகுதான் யாரும் விரலை நக்கலாம். காரணம் எளிது. தேன் பட்ட கையில் கயிறு நிற்காது, வழுக்கும்.

கொம்பனின் மனைவி நீலி. நீலிக்கு ஒரே தம்பி, மல்லன். உரலை ஒற்றைக் கையால் தூக்குவான். கைதான் அப்படி, நாக்கு மட்டும் சின்னப்பிள்ளை நாக்கு. இனிப்பைக் கண்டால் அவனுக்கு ஊர், உலகம், உறவு எல்லாம் மறந்துபோகும்.

ஒருநாள் கூடை மேலே வந்தது. அடையிலிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. கொம்பன் இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருந்தான். ஒரு விரல்தானே என்று மல்லன் ஒரு விரல் வைத்தான். நன்றாக இருந்தது. இன்னொரு விரல்தானே என்று இன்னொன்று வைத்தான். இன்னும் நன்றாக இருந்தது. மூன்றாம் முறை கையையே விட்டு அள்ளினான், படுபாவி.

கீழிருந்து கொம்பன் கயிற்றைச் சுண்டினான். இழு என்று அர்த்தம். மல்லன் இழுத்தான். பாதி தூரம் வந்த கயிறு கையில் வழுக்கிற்று. பிடித்தான், வழுக்கிற்று. மறுபடி பிடித்தான், போயே போய்விட்டது.

நல்லவேளை, பாறைப் பிளவில் முளைத்திருந்த ஓர் இச்சிமரம் கொம்பனைப் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியது. இடது கால் தப்பவில்லை. எலும்பு கூடும்போது கோணலாகவே கூடியது.

ஒன்று சொல்லவேண்டும். மல்லன் பொய் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி, தேன் ஒட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, "நான் தின்னேன், அதனால்தான் விட்டேன்" என்று கதறினான். அந்த வகையில் அவன் யோக்கியன்.

கொம்பன் திட்டினான். சும்மா சொல்லக்கூடாது, வயிறு குளிரத் திட்டினான். படுத்துக்கொண்டு திட்டினான், உட்கார்ந்துகொண்டு திட்டினான், தடியூன்றி நடக்கத் தொடங்கியதும் நடந்துகொண்டே திட்டினான். பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கோபத்தைக் காணோம். தேடிப் பார்த்தான், உள்ளே எங்கேயும் இல்லை. சரி, போய்த் தொலையட்டும் என்று மல்லனைக் கூப்பிட்டான்.

"மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. நான் மன்னிச்சுட்டேன். அடுத்த தேன்காலத்துக்குக் கயிறு பிடிக்க வந்துடு."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். சொன்னவன் மனதாரச் சொன்னான். கேட்டவன் "சரி மச்சான்" என்றிருந்தால் நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். எங்கே? மல்லன் கொம்பனின் கோணல் காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினான்.

"நீங்க மன்னிச்சுடுவீங்க மச்சான். உங்க மனசு அப்படி. நான் என்னை மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன்!"

அன்றைக்குப் பிடித்தது சனி.

அன்றிலிருந்து மல்லன் கயிற்றைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தான். எந்தக் கயிற்றையும். இடுப்பில் அரைஞாண் கயிறுகூட வேண்டாம் என்று அறுத்துப் போட்டான். மாட்டைக் கட்டமாட்டேன் என்று அவிழ்த்துவிட்டான். அது நேராகப் போய் அடுத்தவன் தினையைத் தின்றது. கூரைக்குக் கட்டுப் போடமாட்டேன் என்றான். முதல் காற்றுக்கே கூரை பறந்து போய், அவன் மனைவியும் மக்களும் கொம்பனின் குடிசைக்கு வந்து படுத்தார்கள். ஊரார் கூடிப் புதுக் கூரை கட்டிக் கொடுக்கும்வரை, இடம் போதாமல் கொம்பன் வாசலில் படுத்தான்.

இது போதாதென்று தினமும் விடிந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவான், மச்சானுக்குக் கால் நீவிவிட. நீவினால் நல்லதுதானே? நீவமாட்டான். காலைப் பார்ப்பான், அழுவான். எண்ணெயைவிடக் கண்ணீர்தான் அந்தக் காலில் அதிகம் பட்டது.

"அழாதே மாப்ளே" என்பான் கொம்பன்.

"எப்படி மச்சான் அழாம இருப்பேன்?"

"வலியே இல்லடா."

"என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க."

"இல்லடா, நிஜமாவே வலிக்கல."

"வலிச்சாலும் சொல்லமாட்டீங்க. அப்படிப்பட்ட மனுஷனை நான்..." என்று மறுபடி ஆரம்பிப்பான்.

பாருங்கள் கூத்தை! பாறையிலிருந்து விழுந்தவன் கொம்பன். கால் கோணினது கொம்பனுக்கு. தினமும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்வதும் கொம்பன்தான். ஊரார் வந்து பார்த்துவிட்டு, "மல்லனுக்கு மச்சான்மேல என்ன பாசம், என்ன பாசம்!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கோணல் காலை ஒருத்தரும் கேட்பதில்லை. கொம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு தேன்காலம் போயிற்று. பாறையில் அடைகள் கறுத்துத் தொங்கின. எடுக்க ஆளில்லை.

கொம்பன் யோசித்தான். சரி, வெறும் வாயால் மன்னித்ததால்தான் இவனுக்கு ஆறவில்லை போலிருக்கிறது, தண்டனை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தான். ஊர் மூப்பனிடம் போய் முறையிட்டான்.

"மூப்பரே, என் மச்சினனுக்கு ஏதாவது தண்டனை குடுங்க."

மூப்பன் திகைத்தார். "நீதான் மன்னிச்சுட்டியேப்பா?"

"நான் மன்னிச்சது அவனுக்குப் பத்தலே. ஊர் ஒரு அடி அடிச்சு, போடா முடிஞ்சுதுன்னு சொன்னா என் உயிராவது மிஞ்சும்."

ஊர் கூடியது. மூப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மல்லன் மச்சான் வீட்டுக்கு மூன்று சுமை விறகு போடவேண்டும். ஊருக்கு ஒரு வேளை தினைக்கஞ்சி ஊற்றவேண்டும். குலசாமிக்கு முன்னால் ஒருமுறை விழுந்து கும்பிடவேண்டும். அத்தோடு பிழை தீர்ந்தது, இனி யாரும் அதைப் பேசக்கூடாது.

மல்லன் மூன்று சுமை விறகு போட்டான். கஞ்சி ஊற்றினான். விழுந்து கும்பிட்டான். ஊர் எழுந்து வீட்டுக்குப் போயிற்று. கொம்பன் அப்பாடா என்று கையைக் காலை நீட்டிப் படுத்தான்.

மறுநாள் காலையில் வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். நான்காவது சுமை.

"மாப்ளே, மூணுதானேடா சொன்னாங்க?"

"ஊர் சொன்னது மூணு மச்சான். என் தப்புக்கு மூணு காணுமா?"

அதற்கு அடுத்த நாள் ஐந்தாவது. பிறகு எண்ணுவதைக் கொம்பன் விட்டுவிட்டான். விறகு வாசலை அடைத்தது. சன்னலை அடைத்தது. உள்ளே பகலிலேயே விளக்கு ஏற்றவேண்டியதாயிற்று. விறகுக்குள் பாம்பு வந்து குடியேறியது. நீலி தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவத்தைக் கழிக்கிறேன்னு எங்க வீட்டுக்குப் பாம்பைக் கொண்டாந்து விட்டியேடா! உன் அக்கா செத்தா அதுக்கும் சேத்து அழறதுக்கா?"

அவ்வளவுதான். மல்லனுக்குப் பாம்பும் ஒரு புதுத் துக்கமாகச் சேர்ந்துகொண்டது. இரண்டு காலை நேரங்கள் அதற்கென்று தனியாக அழுதான்.

இரண்டாவது தேன்காலமும் போயிற்று.

மூன்றாவது தேன்காலம் தொடங்கும்போது கொம்பன் வீட்டில் ஒரு நல்ல காரியம் கூடி வந்தது. அவன் மகள் மருதியைப் பெண் கேட்டு அடுத்த மலையிலிருந்து வந்தார்கள். பையன் நல்ல பையன். மருதிக்கும் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொன்னாலே அந்தப் பெண் கையிலிருந்த வேலையைக் கீழே போட்டுவிடும், அவ்வளவு பிடித்திருந்தது.

அங்கேயும் ஒரு வழக்கம் குறுக்கே வந்து நின்றது. பெண்ணைப் பெற்றவன் தன் கையாலேயே பாறைத்தேன் எடுக்கவேண்டும். அந்தத் தேனில் தினைமாவைப் பிசைந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் கவளம் கொடுக்கவேண்டும். கவளம் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. பையனின் தாய் எழுந்து போகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"உங்க காலைப் பாத்தா எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா முறையை மாத்த முடியாதுங்க. மழை விழுந்தா தேனீ கிளம்பிடும். அதுக்குள்ள தேன் எடுத்தா ஆள் அனுப்புங்க. இல்லேன்னா நாங்க வேற இடம் பாக்கணும்."

"கயித்துல தொங்குறவனுக்குக் கால் எதுக்குங்க? எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு" என்றான் கொம்பன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தான். கை இருக்கிறது. கயிறு இருக்கிறது. பிடிக்கவேண்டியவன் எங்கே இருக்கிறான்?

நீலி போய்க் கேட்டாள். மல்லன் அழுதான். கொம்பன் போய்க் கேட்டான். மல்லன் இன்னும் அழுதான். கடைசியாக மருதியே போனாள். தாய்மாமனுக்கு அவள்மேல் உயிர். அவள் கேட்டால் மறுக்கமாட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

போனவள் பொழுது சாயும் நேரத்தில் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"என்னம்மா சொன்னான்?"

"உன் கல்யாணத்துல நிக்கவே எனக்கு யோக்கியதை இல்லம்மான்னு மாமா அழுதாரு. அவரைச் சமாதானம் பண்ணிப் பண்ணியே பொழுது போயிடுச்சுப்பா. கயித்தைப் பத்திப் பேசவே முடியல" என்றாள். சொல்லிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

கொம்பன் அதைப் பார்த்தான். மூன்று வருடமாக ஒருவன் ஓவென்று அழுததைப் பார்த்தபோது வராத வேதனை, சத்தமில்லாமல் அழுத மகளைப் பார்த்ததும் அவனுக்கு வந்தது. கூடவே கோபமும் வந்தது. மகளைப் பெற்றவனுக்கு வராதா?

மறுநாள் மேற்கே கருமேகம் தலை காட்டியது. கொம்பன் கொடிக்கயிற்றை எடுத்துத் தோளில் போட்டான். ஒரு சுரைக்குடுவை, ஓர் அரிவாள், பச்சிலைப் பந்தம் எடுத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லாமல் தடியூன்றி விந்தி விந்திப் பாறைக்குப் போனான். உச்சியில் நின்ற வேங்கைமரத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினான். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டான்.

மடத்தனம். நான் நியாயப்படுத்தவில்லை. ஆத்திரத்தில் செய்த காரியம், நீங்கள் யாரும் செய்துவைக்காதீர்கள்.

இறங்குவது சுலபமாக இருந்தது. கயிறு விறைத்து நின்ற இடத்தில்தான் தன் முட்டாள்தனம் அவனுக்குத் தெரிந்தது. தேனடை அவன் காலுக்குக் கீழே, எட்டாத தூரத்தில் இருந்தது. கட்டிய கயிற்றைக் கீழே இறக்க மேலே ஆள் வேண்டும். சரி, மேலேயாவது போகலாம் என்றால், பாறையில் உதைத்து ஏற நல்ல கால் ஒன்றுதான் இருந்தது. இரண்டடி ஏறினான், மூன்றடி சறுக்கினான். தேனும் எட்டவில்லை, பாறையும் ஏறமுடியவில்லை. கை கடுக்கத் தொடங்கியது. பந்தத்தில் புகை குறைந்துகொண்டே வந்தது. தேனீக்கள் ஒன்றிரண்டாக அவனை விசாரிக்க வந்தன.

பிடிக்க ஆளில்லாத கயிறு பாறை விளிம்பில் உராயும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கொம்பனுக்குப் பயம் வந்தது. மருதியின் முகம் வந்தது. தேன் கேட்டாளே தவிர, அப்பன் உயிரையா கேட்டாள்?

அதற்குள் வீட்டில் கயிற்றைக் காணாமல் நீலிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மல்லனிடம் ஓடினாள். "உன் மச்சான் தனியா பாறையில இறங்கிட்டாரு போலடா!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மல்லன் ஓடத் தொடங்கியிருந்தான்.

பாறை விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"மச்சான்!"

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. கயித்தைப் பிடி."

முகம் மறைந்தது. கொம்பன் காத்திருந்தான். கயிறு அசையவில்லை. மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவனுக்கு மூன்று வருடமாக நன்றாகப் பழகிய சத்தம்.

"டேய், அழறியாடா?"

"இந்தக் கை வேண்டாம் மச்சான். இந்தக் கை பட்டா நீங்க விழுந்துடுவீங்க. நான் ஊருக்கு ஓடிப்போய் வேற யாரையாவது கூட்டிட்டு வரேன்."

"நீ ஊருக்குப் போய் வர்றதுக்குள்ள நான் கீழ போய்ச் சேந்துடுவேன்!"

"நான் பாவி மச்சான்..."

"பாவியாவே இருந்துட்டுப் போ! பாவிக்குக் கை இல்லையா? பிடிடா!"

"என்னால முடியாது மச்சான். அன்னைக்கு நடந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது."

ஒரு தேனீ கொம்பனின் காதில் கொட்டியது. இன்னொன்று கழுத்தில் கொட்டியது. கொம்பனுக்கு மூன்று வருடப் பொறுமையும் ஒரே மூச்சில் தீர்ந்துபோயிற்று. அந்தரத்தில் தொங்கிக்கொண்டே, மலை அதிரக் கத்தினான்.

"மல்லா! நல்லாக் கேட்டுக்க. அன்னைக்கு நீ கயித்தை விட்டே. ஒரு தடவை விட்டே. அதை நான் மன்னிச்சாச்சு, ஊர் மன்னிச்சாச்சு, சாமியும் மன்னிச்சாச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷமா நீ கயித்தைத் தொடவே இல்ல. தொங்குறவனுக்கு விட்டதும் தொடாததும் ஒண்ணுதான்டா! அன்னைக்குத் தேன் ருசியில என்னை விட்டே. இன்னைக்கு அழுகை ருசியில என்னை விடுறே. என் பொண்ணு அங்க அடுப்பு மூலையில உக்காந்து அழறா. அவளை நீ பாத்தியா? உன் கண்ணுல தண்ணி ஓஞ்சாத்தானே அடுத்தவ கண்ணீர் உனக்குத் தெரியும்!"

மேலே அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது.

கொம்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். ஓடிப்போய்விட்டானோ என்று நினைத்தான். அந்த நினைப்பு முடிவதற்குள் கயிறு ஒரு விரல் மேலே ஏறி நின்றது. பழைய மைத்துனனின் பிடி அது. கொம்பனின் முதுகுக்கே அது தெரிந்தது.

"பிடிச்சுட்டேன் மச்சான். இழுக்கட்டுமா?" குரல் நடுங்கியது. கயிறு நடுங்கவில்லை.

"இழுக்காதே. இறக்கு."

"என்னது?"

"மரத்துல கட்டினதை அவுத்துட்டு அஞ்சு முழம் இறக்கு. தேன் எட்டல."

"மச்சான், நானா? உங்களைக் கீழே விடுறதா? நானா?"

"ஆமாடா, நீதான். தேன் இல்லாம மேல வந்து உன் மூஞ்சியைப் பாக்கவா நான் இறங்கினேன்? இறக்கு."

மல்லன் மேலே நின்று என்ன பாடுபட்டானோ, கொம்பனுக்குத் தெரியாது. கயிறு விரல் விரலாக இறங்கியது. நின்றது. மறுபடி விரல் விரலாக இறங்கியது. அடை கொம்பனின் முகத்துக்கு நேரே வந்தது. மிச்சமிருந்த புகையை ஊதிக் காட்டினான். அரிவாளால் அறுத்தான். குடுவை நிறைந்தது. தேனீக்கள் திரண்டு எழுந்து மேலே போயின. அங்கே "ஐயோ" என்று ஓர் அலறல் கேட்டது. கண்ணிமையில் கொட்டிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அலறல் கேட்ட நேரத்திலும் கயிறு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"இப்ப இழு."

மல்லன் இழுத்தான். கொம்பன் நல்ல காலால் பாறையை உதைத்து உதைத்து ஏறினான். விளிம்பில் கை வைத்தான். முட்டி வைத்தான். பிறகு கோணல் காலையும் நல்ல காலையும் பாறையில் ஊன்றி நின்றான்.

மல்லனின் உள்ளங்கை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறு கண்ணால் மச்சானைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"மச்சான், அன்னைக்கு நான்..."

"மாப்ளே" என்றான் கொம்பன். "இன்னொரு தடவை அன்னைக்குன்னு சொன்னே, நானே குதிச்சுடுவேன்."

மல்லன் வாயை மூடிக்கொண்டான். மூச்சிரைக்க வந்து சேர்ந்த நீலி, தனியாக இறங்கியவனையும் இத்தனை நாள் இறங்கவிடாமல் செய்தவனையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். பிறகு இருவரையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கொம்பன் குறை சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் கல்யாணம் வந்தது. ஊரே கூடியது. தாய்மாமன் மல்லன், ஒரு கண் இன்னும் வீங்கியபடியே, தினைமாவும் தேனும் பிசைந்த பெரிய மண்சட்டியைத் தலையில் ஏந்தி மாப்பிள்ளையின் தாயை நோக்கி நடந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றைக் கண்ணால் நடந்தவனுக்குத் தரையில் கிடந்த பாய் தெரியவில்லை. கால் தடுக்கியது. சட்டி சாய்ந்தது. பாதி மாவு தரையில் விழுந்தது, பாதி மாப்பிள்ளையின் தாய் கட்டியிருந்த புதுச்சேலையில் வழிந்தது.

கொட்டுமேளச் சத்தம் நின்றது. மூப்பன் எழுந்தேவிட்டார். நீலி முகத்தைப் பொத்திக்கொண்டாள். போச்சு, இனி இவன் தினைமாவைத் தொடமாட்டான், சட்டியைத் தொடமாட்டான், சேலை கட்டிய பெண்களைக் கண்டால் அழுவான், என் பேரன் பிறந்து வளரும்வரை இதையே சொல்லி அழுவான் என்று நினைத்துக் கொம்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அழுகைச் சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தான். மல்லன் மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் கைகூப்பி நின்றான்.

"தப்பு என்னுதும்மா. கால் தடுக்கிடுச்சு. பெரிய மனசு பண்ணுங்க" என்றான். பிறகு திரும்பி, "அக்கா, உள்ள தேன் மிச்சம் இருக்கில்ல? தினை மாவும் எடு. சம்பந்தியம்மாவுக்குத் துடைக்க ஒரு துணி கொண்டா. டேய், யாருடா அது, கொட்டு ஏன் நின்னுபோச்சு? அடிங்க!" என்றான்.

நீலி திகைத்துப்போய் உள்ளே ஓடினாள். மாப்பிள்ளையின் தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. கொட்டு மறுபடி முழங்கியது. மல்லன் அங்கேயே குந்தி உட்கார்ந்து, உரிந்த கையால் புது மாவைப் பிசைந்தான். பிசைந்து முடித்ததும் பாயைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, சட்டியை ஏந்திக்கொண்டு மறுபடியும் நடந்தான்.

கொம்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாறையிலிருந்து விழுந்த அன்றுகூட அழாத மனிதன், யாரும் பார்க்காதபோது தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கதை இவ்வளவுதான், எழுந்திருங்கள், இதை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்: செய்த பிழைக்காகத் தன்னை மன்னிக்கவே மாட்டேன் என்று இருப்பவன், தன்னை நம்பி நிற்பவர்களையும் சேர்த்தே தண்டிக்கிறான்.